சரோவின் குரலுக்கு ஓர் ஒலிவாங்கி

ஜூன் 3, செவ்வாய்

காலை முழுவதும் மழை. கடற்பக்கத்து ஜன்னல் மறுபடியும் ஒழுகியது. பழைய துவாய் ஒன்று அதற்கென்றே ஒதுக்கம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து சரோ வந்தாள். வைத்தியர் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்: 12, வியாழன். குரல் நாணில் உள்ள கட்டியோடு நாணின் பெரும்பகுதியும் போகும். அதன்பின் காற்றுக்குரல், கிசுகிசுப்பு மட்டுமே. இதைச் சொல்லிவிட்டு, என் கடலை வடையில் உப்புப் போதாது என்றாள். இரண்டுக்கும் ஒரே தொனி.

அவளுடைய மகன் மெல்பேர்னிலிருந்து கட்டளை இட்டிருக்கிறான்: அம்மாவின் குரலை வீடியோவில் எடுத்து வைக்க வேண்டும், நானும் பக்கத்தில் இருக்க வேண்டும். "ஆன்ட்டியோட சண்டை பிடிச்சால்தான் அம்மா அம்மா மாதிரிக் கதைப்பா." பல்கலைக்கழக விடுதியில் தொடங்கிய ஐம்பத்து நான்கு வருட நட்புக்குக் கிடைத்த சான்றிதழ்.

எனக்கு இரு காதிலும் கருவி. கிசுகிசுப்பு எனக்கு வெறும் உதட்டசைவு. வியாழனுக்குப் பிறகு சரோ சொல்வது எனக்குக் கேட்குமா என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

மழை விட்டது. வீடியோ எடுக்கும் நஸீமா வந்தாள். சரோவின் தெருக்காரி, நாற்பது வயது. முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பகுதியை எடுப்பது அவள் தொழில். இரண்டு கமரா, மூன்று விளக்கு, வெண்ணிறக் குடை ஒன்று. ஒலிக்கு? கமராவிலேயே இருக்கிறதாம்.

என் ஹோலில் ஒரு நிமிடம் பேசி எடுத்துக் கேட்டோம். ஃபேன் பேசியது. தெருவில் பாணும் பணிஸும் விற்கும் ஓட்டோவின் இசை பேசியது. சரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசினாள்.

"நஸீமா, இத்தனை வருடத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லையா?"

"கலியாணத்துல யாரு மிஸ் பேச்சக் கேக்குற? மேல பாட்டப் போட்டு மூடிர்ற தானே."

நேர்மையான பதில். பதினைந்து வருடமாக மணப்பெண்களின் வாய் அசைகிறது, பாட்டு கேட்கிறது. பேச்சைப் பதிவு செய்வது அவளுக்கு இதுதான் முதல் தடவை. சரோவுக்குக் கடைசி. நல்ல பொருத்தம்.

இரவு யோசனை: இந்தச் சிக்கல் எனக்குப் புதிதல்ல. ஏழு வருடமாகக் காதில் இரண்டு ஒலிவாங்கிகளோடு வாழ்கிறேன். எதிரே இருப்பவரின் சொல்லையும் பக்கத்து மேசைக் கரண்டியையும் ஒரே மரியாதையோடு உள்ளே கொண்டுவருகின்றன. மனிதக் காது பொறுக்கி எடுக்கும். இவை பொறுக்குவதில்லை.

ஜூன் 6, வெள்ளி

மருதானை. ஒலிக்கருவிகள் வாடகைக்குக் கொடுக்கும் கடை. நஸீமா நீளமான ஷாட்கன் மைக்கைக் கண்டதும் கையிலெடுத்துவிட்டாள். "பாக்கவே புரொபெஷனலா ஈக்கி மிஸ்!" துப்பாக்கி பிடிப்பதுபோலவே பிடித்தாள்.

கடைக்காரர் முதியவர், சிங்களவர். மைக்கைப் பற்றி எதுவும் சொல்லாமல் என்னைப் பார்த்து, "காமரே ஹிஸ்த, நோனா?" என்றார். அறை வெறுமையா? தரை டைல்ஸ், சுவர் வெறுஞ்சுவர், ஒரு கண்ணாடி அலுமாரி என்றேன். முகம் சுளித்தார். சோதித்துப் பார்க்க நீள மைக், விரலளவு குட்டை மைக் ஒன்று, உடையில் குத்தும் மைக் ஒன்று எல்லாவற்றையும் தந்தார். முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்த எனக்கு அறையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. சற்று வெட்கம்.

பஸ்ஸில் ஒருத்தி ஃபோனில்: "நீங்க கத்தாதேங்கோ, எனக்குக் கேக்குது, நான் பதில் சொல்லேல்ல, அவ்வளவுதான்."

ஜூன் 8, ஞாயிறு

சோதனை நாள். நான் மருந்துப் பெட்டித் துண்டுத்தாளை ஒரே வேகத்தில் வாசிக்க, நஸீமா பதிவு. பிறகு காதுக் கருவிக்கு மேல் ஹெட்போனை வைத்துக் கேட்டேன்.

கமரா மைக், எட்டு அடி: கிணறு.
நீள மைக், நாலடி, ஹோல்: சொல் தெளிவு. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வால்.
அதே மைக், படுக்கையறை: வால் குறைவு.
குட்டை மைக், படுக்கையறை, தலைக்கு மேல் இரண்டு சாண்: அப்படியே நான். என் குரல் அவ்வளவு கீச்சென்று இதுவரை எனக்கே தெரியாது.
குத்தும் மைக்: மூச்சுக்கூடக் கேட்கிறது. சேலை உரசல் அதைவிட.

நீள மைக்கின் தொழில் பக்கத்திலிருந்து வருவதைத் தள்ளுவது. வெளியில் அது கெட்டிக்காரன். அறைக்குள் என் குரலே சுவரிலும் சீலிங்கிலும் பட்டு நாலு பக்கமும் வருகிறது. எதைத் தள்ளுவதென்று அதற்குத் தெரியவில்லை.

ஆகவே படுக்கையறை. மெத்தை, தலையணை, கதவு திறந்த சேலை அலுமாரி எல்லாம் எதிரொலியை விழுங்கும். கட்டிலை ஓரமாகத் தள்ளி, அதன் மேலிருந்த நுளம்பு வலையைக் கழற்றி, அந்தக் கொளுக்கியில் குட்டை மைக்கைத் தொங்கவிடலாம்; கீழே இரண்டு கதிரை. ஃபோனில் சரோவிடம் சொன்னேன்.

"கட்டில் தெரிய வீடியோவோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"எழுபத்தாறு வயதில் என்ன நினைக்க இருக்கிறது? கமரா கட்டிலுக்கு முதுகு காட்டி நிற்கும்."

"அப்ப ஓம்."

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். காற்றே இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கடற்கரை ரயிலின் நேரங்களைக் காலையிலேயே குறித்து வைத்தேன். இடையில் கிடைக்கும் துண்டுகளில்தான் எடுக்க வேண்டும்.

சரோ வந்தாள். மொரமொரவென்று பட்டுச்சேலை, இரட்டைச் சங்கிலி, கை நிறையக் காப்பு. வீடியோவாம். கையை அசைத்தால் கோயில் மணி. காப்புகளைக் கழற்றச் சொன்னேன். விதவையாக்குகிறாயா என்றாள். அது பத்து வருடம் முன்பே ஆகிவிட்டதே என்றேன். கழற்றினாள்.

ஃபேனை நிறுத்தினேன். சரோ இரண்டு நிமிடம் தாங்கவில்லை.

"ஃபேனைப் போடடி!"

"முடியாது."

"ஒப்பரேஷனுக்கு முதலே கொல்லப் போறியோ?"

இப்படியே நாற்பது நிமிடம். விடுதி வார்டனைப் பற்றி, என் மூக்கைப் பற்றி, 1971இல் நான் திருப்பிக் கொடுக்காத குடையைப் பற்றி. ஐந்து தடவை ஃபேன் கேட்டாள், ஐந்தும் பதிவில். நஸீமா வாயில் கையை வைத்துச் சிரித்தாள், சத்தமின்றி. தொழிலைப் பிடித்துவிட்டாள்.

முடிந்ததும் ஹெட்போனில் கேட்டேன். அச்சொட்டாகச் சரோ. சந்தையில் மீன்காரனை அடக்கும் குரல், அடியில் அந்தப் புதுக் கரகரப்போடு. மகனுக்குப் போதும்.

எனக்கு? ஹெட்போனைக் கழற்றிவிட்டு எதிரே இருந்தவளிடம், "இப்போது கிசுகிசுத்துப் பார்" என்றேன். உதடு அசைந்தது. ஒன்றும் இல்லை. மூன்று அடித் தூரம்தான்.

சரோ என் முகத்தைப் பார்த்தாள். இதுவரை அவளும் இதை யோசித்திருக்கவில்லை என்று தெரிந்தது.

நஸீமாதான் ஒன்றும் கேளாமல் குத்தும் மைக்கை எடுத்து அவளுடைய ரவிக்கையில் குத்தினாள். நான் ஹெட்போனை மறுபடி மாட்டினேன். பட்டு உரசல். பிறகு, தலைக்குள்ளேயே: "கிழடி, குடை எங்கை?"

ஒரு சாண் தூரம். அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 11, புதன்

காதுக் கருவி தந்த நிலையத்துக்குப் போனேன். இதே போன்ற குத்தும் மைக் ஒன்று அவர்களிடம் உண்டு. பேசுபவர் அணிந்தால் கருவிக்கு நேரே அனுப்பும். இரண்டு வருடமாக வாங்கச் சொன்னார்கள், நான்தான் மறுத்தேன். எல்லோருடைய கழுத்திலும் எதையாவது கட்டிவிட்டுப் பேசச் சொல்வதற்கு நான் என்ன நீதிமன்றமா என்று கேட்டேனாம். அங்கே வேலை செய்யும் பிள்ளை வரிக்கு வரி ஞாபகம் வைத்திருந்தது. வாங்கினேன்.

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரி நடைபாதை. பிளாஸ்டிக் கதிரை. மூன்றரை மணித்தியாலம். கட்டி முழுவதும் போனது. நாணும் சொன்னபடி போனது. இரண்டு வாரம் வாய் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. எழுதுவதற்குக் கொப்பி கொடுத்தேன். முதல் வரி: "உன் சேலை நிறம் சரியில்லை."

ஜூன் 19, வியாழன்

மழை. கொப்பி பாதி முடிந்தது. எழுத்தில் அவள் மரியாதையானவளாகத் தெரிகிறாள். சகிக்க முடியவில்லை.

ஜூன் 26, வியாழன்

கொட்டாஞ்சேனை, சரோ வீடு. காலையில் வைத்தியர் அனுமதி கொடுத்துவிட்டார்: கொஞ்சமாகப் பேசலாம். அவள் பருத்தி ஹவுஸ்கோட்டில். உரசல் பிரச்சினை இல்லை. கழுத்துக்குக் கீழே ஒரு சாணில் புது மைக்கைக் குத்தினேன். பழக்கத்தில் ஃபேனையும் நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

குனிந்து மைக்கைப் பார்த்தாள். உதடு அசைந்தது. காற்று, வெறும் காற்று, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் காதுக்குள்:

"ஃபேனைப் போடடி."

எழுந்து போட்டேன். முதலாம் வேகம்.

"மூண்டில வை."