அப்பா வர்ற கதவு

ஜூலை 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் போய் முடியும், அதனால் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா?

பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மேப்பாக வரையச் சொல்லியிருந்தார் டீச்சர். பாப்பா வரைந்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேர்வழி எட்டு நிமிடம். இவள் வழியோ தபால் நிலையத்தைச் சுற்றி, பெரிய ரோட்டைத் தாண்டி, நீங்கள் மெக்கானிக்காக இருக்கும் பஸ் டிப்போவுக்குப் போய், அப்புறம்தான் வீட்டுக்கு வருகிறது. டிப்போவின் முன்வாசலில் சிவப்புப் பென்சிலால், 'அப்பா வர்ற கதவு.'

தையல் கடையிலிருந்து நான் வர ஐந்து மணியாவதால் இத்தனை நாள் தெரியவில்லை. எட்டு வயதுப் பிள்ளையை எனக்குத் தெரியாமல் வரவழைப்பது நியாயமா? இது தொடர்ந்தால் அவளை வேறு பள்ளியில் சேர்த்துவிடுவேன்.

பாப்பாவின் அம்மா

ஜூலை 8

அன்புள்ள உனக்கு,

சத்தியமாக நான் கூப்பிடவில்லை. அவள் வந்ததே எனக்குத் தெரியாது. முன்வாசல் வழியாகப் பஸ் ஓட்டிப் போகும் உன் அண்ணன் கண்ணில் படக்கூடாதென்று, பிரிந்த இந்த நாலு மாதமாகப் பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறேன்.

வாட்ச்மேனிடம் விசாரித்தேன். தினமும் மூன்றரைக்கு வந்து பத்து நிமிடம் நிற்பாளாம். யாரைப் பார்க்கணும் என்று கேட்டதற்கு, "யாரையும் இல்ல, மேப் போடறேன்" என்றாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

அவளைத் திட்டாதே. என்னைத் திட்டு, அது உனக்குப் பழக்கம்தானே.

உன் வீட்டுக்காரன் (இன்னும் அப்படிச் சொல்லலாம் என்றால்)

ஜூலை 13

பாப்பாவின் அப்பாவுக்கு,

அவளைத் திட்டவில்லை. பெரிய ரோட்டை எப்படித் தாண்டினாய் என்றுதான் கேட்டேன். ரோட்டின் குறுக்கே போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளில், நாலு பெரியவர்கள் தாண்டும்போது கூடவே தாண்டுவாளாம். எந்த முக்கில் நாய் படுத்திருக்கும், எந்தக் கடைக்காரர் தண்ணீர் கொடுப்பார், எல்லாம் மேப்பில் இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூட இல்லை.

அப்பாவை ஒரு நாளும் பார்க்கவில்லையே, பிறகு ஏன் அந்தக் கதவைப் போட்டாய் என்றேன். "அப்பாவுக்கு வேலை ஜாஸ்திம்மா. நான் போனப்புறம் வருவாரு" என்றாள்.

பின்வாசலைப் பற்றி நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டிருக்கிறேன். மூன்றரைக்கு நானே அவளை டிப்போவுக்குக் கூட்டி வருகிறேன். வீட்டுக்குக் கூப்பிடுவதாக நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கோபம் ஆறவில்லை. யார் கண்ணில் பட்டாலும் சரி, முன்வாசல் வழியாக வாருங்கள்.

பாப்பாவின் அம்மா