இரண்டு வெள்ளைக் குட்டிகள்

எல்கடுவ
13.5.1957

அன்புள்ள ராசம்மாவுக்கு மாமா எழுதிக்கொள்வது. நீயும் உன் அம்மாவும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன்.

தோட்டத் துரையின் லாயத்தில் அந்த வெள்ளைத் திட்டுக் குதிரை புதன்கிழமை மறுபடி குட்டி போட்டது. இதுவும் பால் வெள்ளை. எழுந்து நின்று பால் குடித்தது. லத்தி மட்டும் போடவில்லை. வயிறு உப்பி, மறுநாள் மத்தியானம் என் மடியிலேயே செத்தது.

போன வருஷம் முதல் குட்டியும் இப்படியே செத்த அன்று, "நம்ம ரெண்டு புள்ளையையும் மண்ணுக்குக் குடுத்த கைதானே, அத ஏன் தொட்ட?" என்று உன்னைக் கேட்டேன். நீயும் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். இந்தத் தடவை உன் கை படவே இல்லையே.

மிருக வைத்தியர் குட்டியை அறுத்துப் பார்த்தார். "நாகமுத்து, இது கண்ணூறும் இல்ல, தீனிக் கோளாறும் இல்ல. தாய்க்கும் தகப்பனுக்கும் இருக்கிற அந்த வெள்ளைத் திட்டு ரத்தத்துல வருது. ஒருத்தர் பக்கத்துல இருந்து மட்டும் வந்தா குட்டி நல்லா இருக்கும். ரெண்டு பக்கமும் சேந்தா முழு வெள்ளை, குடல் ஓடாது. இந்தச் சோடியைச் சேக்காதீங்க" என்றார்.

நான் பாவி. வந்துவிடு, புள்ள.

நாகமுத்து

*

இரத்தோட்டை
19.5.1957

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் இல்லை. உங்கள் பழைய இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். நீங்கள் அம்மாவின் கூடப்பிறந்தவர். நான் அம்மா வயிற்றில் பிறந்தவள். நம் பிள்ளைகள் இரண்டும் ஒரே மாதிரி வலிப்பு வந்து நாற்பது நாளுக்குள் போயின. அதற்கு அந்த வைத்தியர் என்ன சொல்வார்?

ராசம்மா

*

எல்கடுவ
2.6.1957

அன்புள்ள ராசம்மாவுக்கு,

கேட்டேன். "நான் மிருகத்துக்குத்தானே வைத்தியர்" என்று சிரித்தார். பிறகு, "பொஞ்சாதி என்ன உறவு?" என்றார். "அக்கா மக" என்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஒரே ரத்தங்கிறதாவும் இருக்கலாம். அடுத்தது நல்லாவும் பொறக்கலாம். தெரியாது" என்றார்.

நல்லாவும் பிறக்கலாம் என்றாரே, ராசம்மா. தொட்டில் கயிற்றை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

நாகமுத்து

*

இரத்தோட்டை
9.6.1957

அன்புள்ள மாமாவுக்கு,

இன்னொரு பிள்ளையை நாள் எண்ணி எண்ணி வளர்க்க என்னால் ஆகாது. நான் வரமாட்டேன். இங்கேயே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்துவிட்டேன்.

"ஏன்டி போக மாட்டேங்கிற?" என்று அம்மா தினமும் கேட்கிறார். தம்பிக்குத்தான் என்று என்னைப் பிடிவாதமாய்க் கட்டிவைத்தவர். காரணம் தெரிந்தால் தாங்கமாட்டார். அதனால், நீங்கள் குடித்துவிட்டு என்னை அடித்ததாகச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் கள்ளைத் தொட்டவரும் இல்லை, என் மேல் கை ஓங்கியவரும் இல்லை. ஆனாலும் அம்மா கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களை ஏசுவதற்கு அங்கே வருகிறார். சோறாக்கி வையுங்கள். மலை ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும்.

ராசம்மா