காவலுக்குப் போன உங்களுக்கு

இன்று காலை மகள் தன் தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டாள். குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்த எனக்கு அந்த மணம் வந்ததும் பாதி அரிசியை நிலத்தில் கொட்டிவிட்டேன். "என்ன உம்மா, தலை சுத்துதா?" என்று ஓடிவந்தாள். ஒன்றுமில்லை என்றேன். அதே எண்ணெயால்தான் நீங்கள் அஸர் தொழுதுவிட்டுக் கிணற்றடியில் குந்தியிருந்து துவக்கின் சுடுகுழலைத் துடைப்பீர்கள். அவள் அப்போது தவழ்ந்து திரிந்த பிள்ளை. வாப்பாவின் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. எண்ணெய் மணம் மட்டும் எப்படி நினைவிருக்கும்?

சூறாவளி தென்னைகளின் தலையைத் திருகிப் போட்டதற்கு அடுத்த வருடம் நமக்குக் கலியாணம். எங்கள் வழக்கப்படி நீங்கள்தான் சாய்ந்தமருதிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு கல்முனைக்கு, என் வீட்டுக்கு வந்தீர்கள். அரிசி ஆலையில் டிராக்டர் ஓட்டினீர்கள். மேற்கே வயலைத் தாண்டி இருந்த தமிழ்க் கிராமத்தில் எல்லோருக்கும் உங்களைத் தெரியும். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் மரம் ஏற்றிக் கொடுத்துவிட்டு வாழைக்குலையோடு திரும்புவீர்கள். இடி இடித்தால் படுக்கையை விட்டு எழும்பி இருந்துவிடுவீர்கள். உங்களைப் பார்த்து நான் சிரிப்பேன்.

பிறகு யுத்தத்தோடு சிரிக்க முடியாத காலம் வந்தது. வயலுக்குப் போன சிலர் திரும்பவில்லை. அந்தத் தமிழ்க் கிராமத்திலிருந்து சந்தைக்கு வந்தவர்களும் சிலர் வீடு போய்ச் சேரவில்லை. கடைகளை வெளிச்சம் இருக்கும்போதே பூட்டினார்கள். ஊர்க்காவலுக்கு ஆள் சேர்த்தார்கள். பள்ளிவாசல் பெரியவர்கள் வந்து, நீங்கள்தான் பொறுப்பாக நிற்கவேண்டும் என்றார்கள். அவர்கள் போனபின் நான் அழுதேன்.

"இடிக்கே பயப்படுற ஆள் நீங்க. உங்களுக்கு என்னத்துக்குத் துவக்கு?"

"பயம் இல்லாதவன்ட கையில அது இரிக்கப்படாது, புள்ள" என்றீர்கள்.

அன்றிலிருந்து நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. தெருவில் யாராவது ஓடினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவேன். என் தம்பியும் உங்கள் காவலில் சேர்ந்துகொண்டான். கோபக்காரன். அவனை எப்போதும் உங்கள் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தீர்கள்.

காவலரண் நம் வீட்டு வளவிலிருந்து கூப்பிடு தூரம். ஒருநாள் காலை வயல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பகல் சாப்பாடு கொண்டு வந்த நான் வேலியோரம் நின்றபோது, மேற்கிலிருந்து ஒரு டிராக்டர் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. நீங்கள் கையைக் காட்டியும் நிற்கவில்லை.

"மச்சான், நிக்கிறானில்ல! சுடட்டா?" என்று தம்பி துவக்கைத் தூக்கினான்.

"இறக்குடா! நான் போறன்."

உங்கள் துவக்கை நிலத்தில் வைத்தீர்கள். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நடுத்தெருவில் நடந்தீர்கள். முக்காட்டுத் துணியைக் கடித்துக்கொண்டு நின்றேன். டிராக்டர் உங்கள் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அந்தத் தமிழ்க் கிராமத்து மனிதர். பின்பெட்டியில் வைக்கோலின் மேல் இரத்தம் ஓடக் கிடந்தவர் நம் ஊர் விவசாயி.

"நிப்பாட்டினா இந்த மனிசன்ட உயிர் போயிரும் எண்டுதான் நிக்காம வந்தன்" என்று ஓட்டி வந்தவர் அழுதார். "என்னச் சுட்டுப்போடாதீங்க."

நீங்கள் அவர் பக்கத்தில் ஏறி ஆஸ்பத்திரிவரை போனீர்கள். காயப்பட்டவர் பிழைத்தார். திரும்பும்போது அந்தத் தமிழரை அவர் ஊர் எல்லையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வந்தீர்கள். தெருவில் சிலர் உங்களைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். வீட்டுக்குள் வந்ததும் கதவில் சாய்ந்து இருந்துவிட்டீர்கள். "என்ட காலப் பாரு புள்ள, இன்னும் ஆடுது." இரண்டு கையாலும் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த அறுவடைக்கு வெட்ட ஆளில்லாமல் வயல் முற்றிக் கிடந்தது. வெட்டப் போகிறவர்களோடு காவலுக்கு நீங்களும் வெளிக்கிட்டீர்கள். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் போகாட்டியும் அவங்க போவாங்க. பசி விடாது. தனியா விடச் சொல்றியா?"

சட்டையிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டுப் போனீர்கள்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னமே உங்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். முகத்தை மட்டும் காட்டினார்கள். சுட்டது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. உங்களுக்குப் பின்னால் வாய்க்காலுக்குள் படுத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் உயிரோடு வந்தார்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் உங்களுக்காக இத்தாவில், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல், இருந்த முதல் கிழமை, ஒரு பகல் வெயிலில், தம்பி ஆட்களோடு வாசலுக்கு வந்தான். திரைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவர்களின் மூச்சுக் கேட்டது.

"ராத்தா, வயலுக்கு அங்கால அந்த ஊருக்குப் போறம். நீங்க ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. மச்சான்ட ரெத்தத்துக்குப் பதில் கேக்க வேணும்."

அவர்கள் போனால் என்ன நடக்கும் என்று பயம். அதற்குப் பின் இங்கே என்ன வரும் என்று பயம். வேண்டாம் என்றால் என்னையே துரோகி என்பார்களோ என்றும் பயம். இருந்தும் வாய் திறந்தது.

"அங்க ஒருத்திய என்னப்போல இத்தாவில இருத்திப்போட்டு வந்தியெண்டா, நான் மௌத்தாகிக் கிடந்தாலும் நீ என்ட முகம் பாக்கப்படாது."

"ராத்தா..."

"துவக்க வாசல்ல வச்சிட்டு உள்ள வா. வந்து மருமகளத் தூக்கு. காலையில இருந்து அழுகுறா."

பிறகு இரும்பு தரையில் படும் சத்தம். செருப்புகள் ஒவ்வொன்றாக விலகிப் போயின. அவன் உள்ளே வந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைவிடச் சத்தமாக அழுதான். அந்தி மஃரிபு பாங்கு சொல்லும்வரை நான் மேற்குத் திசைக்கே காது கொடுத்திருந்தேன். வெடி கேட்கவில்லை.

தம்பிக்கு இப்போது தாடி நரைத்துவிட்டது. பெருநாளைக்கு வருவான், சாப்பிடுவான், மருமகளின் தலையைத் தடவுவான். அந்தப் பகலைப் பற்றி நாங்கள் கதைத்ததே இல்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும். அவன் புறப்படும்போது வாசல் கடப்படி வரை கூடப் போகிறேன். அவன் முதுகு தெருமுனையில் மறையும்வரை நின்று, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று போன் வந்த பிறகுதான் கதவைச் சாத்துகிறேன்.