கோடிச் சேலையில் கல்யாணப் பைகள்

என் அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. அங்கே தாத்தா இருந்தால் அவரிடமும் வேண்டாம்.

நீ போன பிறகு, அப்பா உன் தையல் மிஷினை வைத்துத் துணிப்பை வியாபாரம் தொடங்கியிருக்கிறார். நாகல் நகரில் சின்னதாக ஒரு கடை. ஒவ்வொரு பையிலும் உன் பெயரை அச்சடித்து, கீழே ‘துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துங்கள்’ என்று போடுகிறோம். பிளாஸ்டிக் வேண்டாமென்று எங்கள் பள்ளியில்கூட வாங்கினார்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

அத்தை வெட்டுவாள், அப்பா தைப்பார், நான் கைப்பிடி வைப்பேன். துணியை ஒருவர் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். எங்கிருந்து என்று நான் கேட்டதில்லை.

என் பக்கத்தில் உட்காரும் செல்வியின் அக்காவுக்குக் கல்யாணம். தாம்பூலப் பை நாங்கள்தான். நேற்று மூட்டையைப் பிரித்தேன். அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை ஒன்று வந்தது. கரையோரம் கருகிய ஓட்டை. நீ பார்த்திருக்க மாட்டாய். மாமா உன்மேல் கோடிச் சேலை போர்த்தியபோது, என் கையிலிருந்த ஊதுபத்தி நெருப்பு அதில் விழுந்தது. அதே இடம், அதே ஓட்டை. எரிப்பதற்கு முன்பு சுடுகாட்டில் எடுத்துப் போடுகிற துணியெல்லாம்தான் எங்களிடம் வருகிறது, அம்மா.

“ஓட்டைய உள்பக்கமா மடிச்சுத் தைச்சிரலாம். என்ன முழிக்கிற, கலெக்டரம்மா?” என்றாள் அத்தை.

அப்பாவிடம் சேலையை நீட்டினேன். அவர் தலை நிமிரவில்லை.

“இம்புட்டு மலிவா வேற எவன் குடுப்பான்? அலசிட்டா எல்லாம் புதுத்துணிதான். துணி வாயத் தொறக்காது. நீயும் தொறக்காத, ஆத்தா.”

அது உன்னுடையது என்று அவருக்குத் தெரியுமா? கேட்கப் பயமாக இருந்தது. சேலையை என் புத்தகப் பையில் ஒளித்துவிட்டேன்.

அலசினால் போய்விடும் என்று நீயும் சொல்வாயோ என்னவோ. ஆனால் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுக்கப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? இன்று மாலை டியூஷனில் செல்வியிடம் சொல்லிவிட்டேன்.

“போடி, பேய்க்கதை விடாத” என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வாரேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனாள். அது உன் சேலை என்பதை மட்டும் அவளிடமும் சொல்லவில்லை.

இப்போது வாசலில் வண்டி நிற்கிறது. செல்வியின் அப்பா குரல். “எம்மக கல்யாணத்துக்கா இதக் குடுக்கப் பாத்தீக?” என்று கேட்கிறார்.

“அந்தப் புள்ள பேச்சக் கேக்காதீகண்ணே. அவ ஆத்தா செத்ததுலருந்து கிறுக்குப் பிடிச்சு அலையுது” என்கிறாள் அத்தை.

அம்மா, எனக்குக் கிறுக்கு இல்லை. சேலையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளதைச் சொல்வேன். என்னை என்ன செய்தாலும் சொல்வேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

நான் தாழ் போட்டிருக்கும் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.

“உங்கம்மா சேலைய மட்டும் கதவிடுக்குல தள்ளிரு, ஆத்தா.”

உங்கம்மா சேலை என்கிறார். நான் அவரிடம் சொல்லவேயில்லையே, அம்மா.

உன் மக