எது நம் வீடு என்று கேட்பார்கள்

அரியூர் நாடு, கொல்லிமலை
வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாசி பெரியண்ணசாமி துணை நிற்கட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை கண்ணு. சோறு தண்ணீருக்குக் குறைவில்லை, அப்பாவின் இடுப்பு வலியும் முன்னைக்கு இப்போது பரவாயில்லை, ஆனால் என் நெஞ்சுக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போவேனா என்கிறது. போனில் சொல்லலாம் என்றால் போன் எந்நேரமும் அப்பாவின் தலையணைக்கு அடியில்தான் கிடக்கிறது, நான் பேச எடுத்தாலும் ஸ்பீக்கரில் போடு, நானும் கேட்கிறேன் என்கிறார். அதனால் இதைத் தாளில் எழுதி, பக்கத்து வீட்டுக் கோகிலாவிடம் கொடுத்து, அவள் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். அவள் படிக்க மாட்டாள், படித்தாலும் வெளியே சொல்ல மாட்டாள், அவளுக்கு அவள் மாமியார் சங்கதியே தலைக்கு மேல் கிடக்கிறது. பேங்கிலிருந்து உனக்கு போன் வரும், அதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு.

மாசியில் அப்பா மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறி விழுந்ததும், நீ அனுப்பியதெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போனதும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அதற்குப் பிறகு அப்பா பெயரிலும் உன் பெயரிலும் இருக்கிற வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டவே இல்லை என்பது. பறிக்க ஆளில்லாமல் மிளகு கொடியிலேயே காய்ந்து உதிர்ந்துவிட்டது, மரவள்ளிக் குச்சிக்கிழங்குக்கும் இந்த வருஷம் விலை இல்லை. அவள் வெளிநாடு போக ஏஜென்டுக்குப் பட்ட கடனையே இன்னும் அடைக்கவில்லை, அவளிடம் சொல்லாதே என்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார். பேங்க்காரர்கள் முதலில் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். பிறகு வேறு வேறு குரல்கள், ஒருவன் இந்தியில் பேசினான், ஒருத்தி நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் வீடு ஏலத்துக்குப் போகும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு நான் உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன் சாமி. இப்போதெல்லாம் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே, வீட்டைப் பூட்டி சீல் வைக்க வருகிறார்களோ என்று வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன், பார்த்தால் பலாப்பழம் ஏற்ற வந்த வண்டியாக இருக்கும்.

பயந்துகொண்டே வீட்டில் இருந்தால் ஆகாது என்று, அப்பாவை உன் சித்தப்பா பொறுப்பில் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் நாமக்கல் இறங்கினேன். மலைப்பாதை வளைவுகளில் எனக்கு வழக்கமாக வரும் வாந்திகூட அன்றைக்கு வரவில்லை, பயத்தில் அதுவும் ஓடிப்போயிற்று. பேங்க் என்ன பேங்க், கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. உள்ளே போனதும் டோக்கன் எடு என்றார்கள், எடுத்து உட்கார்ந்து என் முறை வந்ததும் இது இந்த கவுன்டர் இல்லை என்றார்கள், அடுத்த கவுன்டரில் சிஸ்டம் வேலை செய்யவில்லை, அதற்கடுத்த கவுன்டரில் உங்கள் பைல் சேலத்தில் இருக்கிறது என்றார்கள். நமக்குக் கடன் கொடுத்த மேனேஜர் எங்கேயோ வடக்கே மாற்றலாகிப் போய்விட்டாராம். கடைசியில் வாசலில் நிற்கும் வாட்ச்மேன்தான் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மாடியில் விஜயா மேடம் இருக்காங்க, அவங்களப் போய்ப் பாருங்கம்மா என்று அனுப்பி வைத்தார். குறை சொல்கிற வாயால் நல்லதையும் சொல்ல வேண்டும், அந்த விஜயா என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நான் அழுது முடிக்கும் வரை பொறுத்திருந்து பேசினாள். இந்த மாதிரி விழுந்து படுத்தவர்களுக்குப் பேங்கே உதவி செய்யுமாம், தவணைக் காலத்தை நீட்டி மாதம் கட்டுவதைக் குறைத்துக் கொடுப்பார்களாம், அதற்கு ஆள் வந்து அடமானச் சொத்தை ஒருமுறை பார்த்து எழுத வேண்டுமாம். எதுவா இருந்தாலும் எங்கிட்ட மறைக்காம சொல்லிருங்கம்மா, அதுதான் உங்களுக்கு நல்லது என்றும் சொன்னாள். அன்றைக்கு மலை ஏறும்போது அத்தனை நாளுக்கு அப்புறம் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேன்.

அந்தத் தூக்கம் நிலைக்கவில்லை கண்ணு. போன வாரம் அசோக் என்று ஒரு பையன் பேங்கிலிருந்து வந்தான். வந்தவன் நம் வீட்டைத் திரும்பியும் பார்க்காமல், கையில் போனைப் பிடித்துக்கொண்டு நேராக உன் சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்று படம் எடுத்தான். தம்பி, அது என் கொழுந்தனார் வீடுங்க, எங்களது இது என்றேன். அவன் போனில் இருந்த பழைய படத்தைக் காட்டினான். பெரிய பலா மரத்தடியில் உன் அப்பா வெள்ளை வேட்டியில் சிரித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் சித்தப்பா வீடு. கடன் வாங்கின சமயத்தில் நம் வீடு வெறும் அஸ்திவாரக் கல்லாகத்தானே கிடந்தது. அப்போது மதிப்புப் போட வந்த ஆள் உங்கள் எல்லை எதுவரைக்கும் என்று கேட்டிருக்கிறார், உன் அப்பாவும் அந்தப் பலா வரைக்கும் நம்முதுங்க என்று கையை நீட்டியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பாகம் பிரித்தபோது மண்ணைத் தனியாகவும் மரத்தைத் தனியாகவும் பிரித்தார்கள், சித்தப்பா மண்ணில் நிற்கிற பலா நமக்கு, நம் மண்ணில் நிற்கிற மா அவருக்கு. பழமும் கட்டையும்தான் நம்முடையது, மரத்தின் அடிமண் அவருடையது. இது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும், மலைக்குக் கீழ்நாட்டிலிருந்து வந்த பேங்க்காரருக்கு எப்படித் தெரியும். மரம் இவருடையது என்றால் மண்ணும் இவருடையதுதான் என்று பலா வரைக்கும் கோடு போட்டு, நடுவில் நிற்கிற சித்தப்பா வீட்டையும் சேர்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். நம் கடனுக்கு இத்தனை நாளாகச் சித்தப்பா வீடு அடமானத்தில் நிற்கிறது, அது அவருக்கே தெரியாது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அசோக் கெட்ட பையன் இல்லை. என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுச் சொன்னான், ஏனுங்கம்மா, இதை இப்பக் கிளறாதீங்க, கிளறினா பைல் மேலிடத்துக்குப் போயிரும், ஏமாத்திட்டீங்கன்னு மொத்தக் கடனையும் ஒரேயடியாக் கேட்டாலும் கேப்பாங்க, இந்தப் படத்துல இருக்கறதுதான் எங்க ஊடுன்னு சொல்லிட்டீங்கன்னா உதவி சுளுவாக் கிடைச்சிருமுங்க என்று. அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். தம்பி செல்லமுத்துக்குத் தெரியாமலே மெல்லக் கட்டி முடிச்சிட்டா யாருக்கு என்ன நட்டம் என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு, படுத்திருக்கிற மனுசன் என்றுகூடப் பார்க்காமல் திட்டிவிட்டேன். அப்புறம் பார்த்தால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருக்கிறார். அவருக்கும் பயம்தான், எழுந்து நடக்க முடியாதவனை வீட்டைவிட்டு இறக்கிவிட்டால் எங்கே போவது என்கிற பயம். கோகிலா போனிலிருந்து பேங்குக்கு நானே கூப்பிட்டுப் பார்த்தேன். வெகுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒருத்தி வந்து, கடன் உங்க பேர்ல இல்லீங்களே, உங்க பேச்சை நாங்க எடுத்துக்க முடியாதுங்க என்று சொல்லிவிட்டாள். விஜயா மேடத்தைக் கேட்டேன், லீவாம். வெள்ளிக்கிழமை உன்னை வீடியோவில் கூப்பிட்டு, அந்தப் படத்தைக் காட்டி, இது உங்கள் வீடுதானா என்று கேட்பார்களாம். அப்பா அதற்கு முன்னால் உன்னைக் கூப்பிட்டு ஆமாம் என்று சொல்லச் சொல்வார். உன்னை அவர் எப்படிக் கேட்பார், நீ எப்படி உருகுவாய் என்று எனக்குத் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் நடந்துவிட்டது. எங்கள் வாசலை ஏன் படம் எடுத்தார்கள் என்று உன் சித்தி தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள், நான் ஏதோ மழுப்பிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தினமும் காலையில் சித்தப்பாதான் வந்து அப்பாவைக் குழந்தை மாதிரி தூக்கி வெளியே கொண்டுபோய், குளிக்க வைத்து, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைக்கிறார். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. இன்று காலை அவர் வரும்போதே வழியில் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார், அடுத்த ஊர் வரை கேட்கும் என்று நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, நீங்க எங்கிட்டச் சொன்னது அண்ணனுக்குத் தெரியுமுங்களா அண்ணி என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்ப சொல்லிப் போடாதீங்க, அவரு எம் மூஞ்சிய எப்படிப் பாப்பாரு, பூங்குழலிப் பாப்பாவை அது எங்க ஊடுன்னே சொல்லச் சொல்லுங்க, எம் பொஞ்சாதிக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் வழக்கம்போல அண்ணனைத் தூக்கினார். அவர் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் பூங்குழலி.

அவர் கொடுக்கிறார் என்பதற்காக நாம் வாங்கிக்கொள்ளக் கூடாது. அது அவர் ஒருவர் வீடு இல்லை, சித்தி கல் சுமந்து கட்டின வீடு, அவளைக் கேட்காமல் கொடுக்க அவருக்கே உரிமை இல்லை. வெள்ளிக்கிழமை படத்தைக் காட்டினால், அது என் சித்தப்பா வீடு, மரம் மட்டும்தான் எங்களுடையது, இப்போது கட்டியிருக்கிற வீட்டைப் புதிதாக வந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடு. விஜயா மேடம் இருந்தால் அவளிடமே பேச வேண்டும் என்று கேள். உதவி கிடைக்காமல் போகலாம், மொத்தத்தையும் கட்டச் சொல்லலாம், அது தெரிந்துதான் எழுதுகிறேன். அப்பா கேட்டால் அம்மா எழுதினாள் என்று சொல், என்னைத் திட்டட்டும், உன்னைத் திட்ட வேண்டாம். இதற்காக அங்கே யாரிடமும் புதிதாகக் கடன் வாங்கிவிடாதே, நைட் டூட்டி கூடுதலாகப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் நன்றாக யோசித்துப் பார் சாமி. நம் வீடு போனால் சித்தப்பா உன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் படுக்க வைப்பார். அவர் வீடு போய்விட்டால் எங்கே தூக்கிக்கொண்டு போவார்?

எட்டுக்கை அம்மன் உன் வாக்கிலும் மனதிலும் நின்று காக்கட்டும், தீர்க்காயுசாக இரு. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
சென்னம்மாள்