உப்பு வைத்த துரு

நேற்று கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். டப்பாவில் தின்னரை ஊற்றியதும் அந்த வாசனை வாசலிலிருந்து சமையலறை வரை வந்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நாத்தம் ஒத்துக்கலியா? ஜன்னல சாத்திக்கோங்க, அரை மணி நேரத்துல போய்டும்" என்றார். அவருக்கு என்ன தெரியும்? இருபது வருஷம் அந்த நாற்றத்துக்கு நடுவில்தானே சோறு வடித்தேன். எனக்கு எரிச்சல் வந்தது உங்கள் மேல். நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. போனவர் மேல் இன்னும் எரிச்சலாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

சேலையூரில் அந்த மாடி வீட்டுக்கு நாம் குடிவந்த புதிதில் உங்கள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து, நாமே ஒட்டிச் சேர்க்கிற குட்டிக் கார் பெட்டி ஒன்றை முதல் தடவையாகக் கொண்டுவந்தார். மேல் அட்டையில் பளபளவென்று ஒரு கார் படம். திறந்தால் கதவு, சக்கரம், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிண்டியில் வாரம் முழுக்க மெஷின் பாகங்களை வரைந்துவிட்டு வருகிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமையும் பாகங்களோடு உட்கார்ந்துவிட்டீர்கள். வீட்டில் இருந்ததே ஒரு மேஜை. மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் தட்டு வைத்திருந்த இடத்தில் பழைய பேப்பரை விரிப்பீர்கள். என் நகவெட்டி, என் டீ வடிகட்டி, நெயில் பாலிஷ் பிரஷ் என்று ஒவ்வொன்றாக அந்த மேஜைக்குப் போனது. எதுவும் திரும்பி வரவில்லை.

ஒட்டிப் பெயின்ட் அடித்து ஷோகேஸில் வைத்ததோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் பார்த்துவிட்டு, காரைப் பழசாக்க வேண்டும் என்று ஆரம்பித்தீர்கள். மாசக்கணக்கில் பாடுபட்டுப் புதுசாகச் செய்ததை எதற்கு அழுக்காக்குவது என்று கேட்டேன். "ரோட்ல ஓடின வண்டி மாதிரி இருக்கணும். இல்லன்னா அது வெறும் பொம்மை" என்றீர்கள். நாற்பது வயதில் பொம்மை என்ற வார்த்தை உங்களுக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

ஆனால் துரு உங்கள் கைக்கு வரவில்லை. பழுப்புப் பெயின்ட்டை மெல்லிய பிரஷ்ஷால் புள்ளி புள்ளியாக வைப்பீர்கள். டிராயிங் போட்ட கை அல்லவா, எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் விழும். காருக்கு அம்மை வார்த்தது போல இருக்கும். தின்னரால் துடைப்பீர்கள், பிளாஸ்டிக் இளகிப் பாழாகும். மூன்று கார்கள் அப்படிப் போயின. அந்த மாதங்களில் கூப்பிட்டால் பதில் இல்லை, சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள்.

பல்லாவரத்தில் என் டைப்பிஸ்ட் வேலை முடிந்து, தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிற வழியில் ஒரு வெல்டிங் ஷெட் இருந்தது. வாசலில் எப்போதும் நாலைந்து பழைய கார்கள் நிற்கும். உங்கள் தொல்லை தாங்காமல்தான் அவற்றைப் பார்க்க ஆரம்பித்தேன். துரு நடுவில் பிடிப்பதில்லை. கதவின் அடியில், சக்கரத்துக்கு மேல் வளைவில், மழைத் தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் பிடிக்கிறது. பெயின்ட் வட்டமாகப் போவதில்லை, செதில் செதிலாகப் பெயர்ந்து, ஓரம் கோணல்மாணலாக இருக்கிறது. நம் குளியலறைச் சுவரிலும் அப்படித்தான் இருந்தது. எத்தனை தடவை அடித்தாலும் உப்புப் பூத்து, பெயின்ட் அதே மாதிரி உதிரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "முதல்ல முழுசா துரு கலர் அடிச்சுடுங்க. காஞ்சதும் தண்ணி தொட்டு, நான் சொல்ற இடத்துல உப்புத் தூள ஒட்டிட்டு, அதுக்கு மேல கார் கலர் அடிங்க. அப்புறம் உப்பத் தேச்சு எடுத்துடலாம். உப்பு இருந்த இடத்துல பெயின்ட் நிக்காது, நம்ம பாத்ரூம் சுவத்துல பாக்கலியா?"

நீங்கள் சிரித்தீர்கள். இது என்ன ஊறுகாயா என்று கேட்டீர்கள். ஆனாலும் வண்டு வடிவக் கார் ஒன்றுக்குத் துரு நிறம் அடித்துக் காயவைத்து என் முன்னால் வைத்தீர்கள். கல் உப்பை இடித்து, கதவின் அடியிலும் வளைவுகளிலும் நான்தான் ஒட்டினேன். அது காய்ந்ததும், வாயால் ஊதுகிற குழாயால் நீல நிறத்தை நீங்கள் அடித்தீர்கள். மறுநாள் சாயங்காலம் பழைய டூத்பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து எடுத்தேன். அடியிலிருந்து துரு வந்தது. வெல்டிங் ஷெட் வாசலில் நிற்கிற காரைச் சுருக்கி மேஜை மேல் வைத்தது போல இருந்தது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தீர்கள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், உங்களைப் போலக் கார் செய்கிறவர்கள் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். நீலக் காரைச் சுற்றித்தான் கூட்டம். பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, இந்தத் துருவை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். டிபன் பையைப் பிடித்துக்கொண்டு நான் உங்கள் பக்கத்திலேயே நின்றேன். "நானே டிரை பண்ணிக் கண்டுபிடிச்சது சார்" என்றீர்கள். தடுமாறக்கூட இல்லை. சுவரில் உப்புப் பூக்கிறதைப் பார்த்து யோசனை வந்ததாக அவருக்கு விளக்கமும் கொடுத்தீர்கள். என் சுவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டீர்கள்.

திரும்பும்போது ரயிலில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சானடோரியம் தாண்டியதும் என்ன கோபம் என்று கேட்டீர்கள். சொன்னேன்.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே. யார் பேர் சொன்னா என்ன?"

"அப்ப என் பேரச் சொல்லியிருக்கலாமே."

தாம்பரம் வந்துவிட்டது, இறங்கினோம்.

அதன் பிறகு பல மாதம் நான் மேஜைப் பக்கம் வரவில்லை. நீங்களே உப்பு வைத்துப் பார்த்தீர்கள். மறுபடியும் அம்மைதான். ஒருநாள் மேஜையின் ஓரத்தில் உப்பு டப்பாவையும் பழுப்பு அடித்த ஒரு காரையும் வைத்துவிட்டு, பேப்பர் படிக்கிற மாதிரி வெளியே போய் உட்கார்ந்துகொண்டீர்கள். வாய்விட்டுக் கேட்கவில்லை. நானும் பேசாமல் உட்கார்ந்து வைத்துக்கொடுத்தேன். அதுவே வழக்கமாகிவிட்டது. தொண்ணூறுகள் முழுக்க, உங்கள் கண் மங்கி எல்லாவற்றையும் மூட்டை கட்டுகிற வரைக்கும், பதினோரு கார். ஒன்றுக்கும் கேட்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. ஏன் செய்தேன் என்று என் மேலும் எரிச்சல் வருகிறது. உண்மை என்னவென்றால், துரு வைப்பது எனக்குப் பிடித்திருந்தது. எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்று யோசித்து யோசித்து உப்பை ஒட்டுகிற அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு வேறு எந்த நினைப்பும் வராது. அதையும் நான் உங்களிடம் சொல்லவில்லை.

போன வாரம், கார் செய்கிற உங்கள் சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். உங்கள் நினைவாகக் கண்காட்சி வைக்கிறார்களாம், கார்களைத் தர வேண்டுமாம். கூட வைக்கப்போகிற அட்டையைக் காட்டினார். எல்லாம் உங்கள் கைவண்ணம் என்று அச்சடித்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு உங்கள் நோட்டுப் புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தேன். எங்கேயாவது ஒரு வரி இருக்கும் என்று நினைத்தேன். உப்பை எவ்வளவு இடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் அழகான கையெழுத்தில் இருக்கிறது. என் பெயர் இல்லை. கடைசிப் பக்கம் வரை பார்த்தேன்.

மறுநாள் அவருக்குப் போன் செய்து, வெறும் அட்டை கொண்டுவாருங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் தயங்கினார். சார் நினைவாக வைக்கிறது அம்மா, என்றார்.

"தெரியும் சார். அவர் நினைவாத்தான். ஆனா துரு நான் வச்சது."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இத்தனை வருஷத்தில் உங்களைத் தவிர வேறொருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். நீலக் காருக்குப் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன். யாராவது கேட்டால் ஆரம்பத்திலிருந்து சொல்வேன். உப்பு ஒரு பொடிகூடக் கலையாமல் அவ்வளவு சீராகப் பெயின்ட் ஊத உங்களால் மட்டும்தான் முடிந்தது, எனக்கு இன்றுவரை வரவில்லை என்பதையும் சொல்வேன். பெருந்தன்மையில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நடந்தது அதுதான், அதனால் சொல்கிறேன்.