கதவாகிவிட்ட சிந்தியா அக்கா

பிப்ரவரி 3, திங்கள்

இன்று மேடத்திடம் சொல்லாதது: "அந்த வரி சிந்தியா அக்கா சொன்னதில்லை, மேடம். நான் சொன்னது."

என் ஆய்வு, கல்யாணத்துக்குப் பிறகு தனியார் பள்ளி வேலையை விட்ட ஆசிரியைகளைப் பற்றியது. முதல் ஐந்து பேட்டிகளை எழுதிக் கொடுத்திருந்தேன். என் வழிகாட்டி அமுதவல்லி மேடம் இதுவரை என் பக்கங்களில் கேள்விக்குறி மட்டுமே போட்டவர். இன்று சிந்தியா அக்கா பேட்டியிலிருந்து ஒரு வரியைச் சத்தமாக வாசித்தார்: "கதவ யாரும் சாத்தல. நானே கதவாயிட்டேன்."

பிறகு, "களப்பணின்னா இதும்மா. புஸ்தகத்துல இது கிடைக்குமா?" என்றார்.

கிடைக்காது. நான் இன்னும் புத்தகம் எழுதவில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 4

அந்தப் பேட்டியின் ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். பேட்டி எடுக்கிறவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். "வீட்ல யாரும் வாய்விட்டு சொல்லல, ஆனா ஒரு தடை இருந்துச்சு, அப்படித்தானேக்கா? கதவ யாரும் சாத்தல, நாமளே கதவாயிட்ட மாதிரி?"

சிந்தியா அக்கா: "ம்." பின்னால் குக்கர் விசில்.

என் கேள்வியையும் அவருடைய 'ம்'மையும் சேர்த்து, அவர் பேச்சாகவே தட்டச்சு செய்திருக்கிறேன். அப்போது அதைச் சுருக்குவது என்று நினைத்தேன். முதலியார்பேட்டையில் மதிய நேரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிற எந்த மனிதரும் தன்னைக் கதவு என்று சொல்லிக்கொள்ளமாட்டார். மேடத்துக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? (என் தப்புக்கு அவரையும் துணைக்குக் கூப்பிடுகிறேன்.)

ஆய்வு முறையியல் தாளில் வகுப்பிலேயே நான்தான் முதல். பதிலை வாயில் திணிக்கும் கேள்விகளைத் தவிர்ப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதியவள்.

பிப்ரவரி 6, வியாழன்

அந்த வரியையே தலைப்பாக்கி, எங்கள் இருவர் பெயரிலும் சென்னை மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பிவிட்டார் மேடம்.

கூட ஆய்வு செய்யும் நிலவன் தலைப்பைப் படித்துவிட்டு, "யாரு அந்தக்கா? நம்மள விட நல்லா பேசுது" என்றான்.

"ஆமா, நல்லா பேசுவாங்க" என்றேன். வெட்கம் கெட்ட வாய்.

இப்போது பொய் இரண்டு பேருக்குச் சொந்தம். ஒருவருக்கு அது தெரியாது. சொன்னால் ஐந்து பேட்டியும் போகும், ஒரு வருட வேலை போகும், மேடத்தின் மானமும் சேர்ந்து போகும். துறைக் கூட்டத்தில் இதுவரை வாயே திறக்காதவள், அடுத்தவர் அடுக்களையில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பேசியிருக்கிறேனே — ஏன்?

பிப்ரவரி 7

மற்ற நாலு பதிவுகளையும் கேட்டேன். எல்லாரும் 'ம்'தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சிந்தியா அக்கா சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். என் திட்டம் இது: அந்த வரியை ஒரு தடவை அவர் வாயால் வரவழைத்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும். ஆராய்ச்சியாளர் மூளை.

"அக்கா, அன்னிக்கு கதவுன்னு ஒண்ணு சொன்னீங்களே…"

"நானா? நீதான சொன்ன. படிச்ச பொண்ணு ஏதோ சொல்லுதேன்னு தலையாட்டுனேன்."

"அப்ப வேலைய ஏன் விட்டீங்க? வீட்ல—"

"வீட்ல என்னா? எங்க மாமியாரு இன்னும் திட்டினுதான் இருக்குது, பிஎட் முடிச்சிட்டு குந்திகினு இருக்கியேன்னு. எனக்கு புள்ளைங்கள புடிக்கல."

"எந்தப் புள்ளைங்க?"

"எல்லாத்தையும்தான். நாப்பது பேரு ஒரே நேரத்துல மிஸ்ஸு மிஸ்ஸுன்னு. கல்யாணம்னு ஒரு சாக்கு கெடச்சுது, வுட்டுட்டேன். பேரு போடாம எழுதிக்க."

"இத ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு நின்றபோது சிரிப்பு வந்தது. பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். கேட் திறப்பதற்குள் சிரிப்பு தீர்ந்துவிட்டது. நாளைக்கு மேடத்துகிட்ட என்னான்னு ஆரம்பிப்பேன்? எப்புடிச் சொல்லுவேன்? சொல்லித்தான் ஆவணும்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒத்திகை பார்த்த முன்னுரை ஒன்றும் வரவில்லை. பதிவையே போட்டுக் காட்டினேன். 'ம்' வந்ததும் மேடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது உன் குரலா?"

"ஆமா மேடம்."

"இவ்ளோ பேசுவியா நீ?"

அவர் சிரிக்கவில்லை. அனுப்பிய சுருக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என் பேரையும் போட்டு அனுப்பியிருக்கேன்மா. போன திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு, போகலாம் என்று தலையசைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 11

நிலவன்: "அந்தக்கா நீதானாமே. சொல்லவே இல்ல?"

மார்ச் 22, சனி

சுருக்கத்தை மேடம் திரும்பப் பெற்றுக்கொண்டார். மாநாட்டுக்கு நாங்கள் போகவில்லை. ஐந்து பேட்டிகளும் கணக்கில் இல்லை; துறையில் கொடுக்கவேண்டிய அறிக்கை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. இப்போதெல்லாம் நான் எழுதிக் கொடுக்கும் பக்கங்களோடு ஒலிப்பதிவையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

இன்று கருவடிக்குப்பத்தில் லூர்துசெல்வி டீச்சருடன் புதுப் பேட்டி. வேலையை விட்ட நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குள் அழகழகான வாக்கியங்கள் முட்டிக்கொண்டு வந்தன. ஒன்றில் கடல்கூட இருந்தது. சொல்லவில்லை. பதிவில் வெகுநேரத்துக்கு மின்விசிறி ஓடும் சத்தம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் பேச ஆரம்பித்தார்.